ஒரே எஞ்சின், இரண்டு மூச்சு

இலங்கையில் தன் காரின் எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறுவார்கள். அங்கே உச்ச வரம்பு மணிக்கு 100 கிலோமீற்றர். அதை எந்தப் பழைய கொரோலாவும் சிரமமில்லாமல் எட்டிவிடும். அதற்கு மேல் போனால் எஞ்சினைப் பற்றிப் பேச நேரமிருக்காது, பொலிஸ்காரரிடம்தான் பேச வேண்டியிருக்கும். அதனால் நானும் என் மருமகனும் வெல்லவாயவுக்குப் போனோம்.

வெல்லவாய, ஊவாவின் வரண்ட தாழ்நிலத்தில் சுமார் 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே புறப்படும் ஏ4 வீதி, தியலும நீர்வீழ்ச்சி, கொஸ்லந்த, பெரகலச் சந்தி என்று மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறது. பெரகலையில் ஏ16 வீதிக்குத் திரும்பினால் ஹப்புத்தளை. உயரம் 1,430 மீற்றர். ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்குள் 1,200 மீற்றர் ஏற்றம். கீழே பனையும் பாலையும் காய்கிற வெயில், மேலே கம்பளிச் சட்டை கேட்கிற காற்று. ஒரு எஞ்சினின் குணம் முழுவதும் இந்த ஒரே வீதியில் வெளியே வந்துவிடும்.

மருமகனின் கார் 1992ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா லெவின், ஏஇ101 வகை. அதை விற்றுப் புதிது வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கேட்டுவிட்டுப் பலர் வந்த வழியே திரும்பினார்கள். இந்த ஐந்து வருடத்தில் நாட்டில் பழைய கார்களுக்கு மரியாதை கூடியது. குப்பைக்குப் போக வேண்டியவை கராஜுக்குப் போயின. கராஜுக்குப் போனவை புது எஞ்சினோடு திரும்பி வந்தன. மருமகனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். அவன் முன்னால் இருந்த கேள்வி இதுதான்: இருக்கிற எஞ்சினையே பட்டை தீட்டுவதா, அல்லது கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்குவதா?

இது கற்பனைக் கேள்வி இல்லை. டொயோட்டாவே 1991இல் இதே காரை இரண்டு விதமாக விற்றது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: 1,587 சிசி கொண்ட 4ஏ எஞ்சின். முதலாவது 4ஏ-ஜிஇ. கராஜ் மொழியில் 'என்.ஏ.', அதாவது வெளியிலிருந்து யாரும் ஊதிக் கொடுக்காமல் தானே காற்றை இழுத்துக்கொள்வது. சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஆக இருபது வால்வு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காற்றுக் கதவு. 160 குதிரைவலு, ஆனால் அது கிடைப்பது நிமிடத்துக்கு 7,400 சுற்றில். இரண்டாவது 4ஏ-ஜிஇசட்இ. பதினாறு வால்வு, பக்கத்தில் பெல்ட்டில் சுழலும் ஒரு சூப்பர்சார்ஜர். 170 குதிரைவலு, 6,400 சுற்றில்.

பத்துக் குதிரைவலுதானே வித்தியாசம் என்று தோன்றும். வித்தியாசம் அங்கே இல்லை, இழுவிசையில் இருக்கிறது. என்.ஏ. எஞ்சினின் உச்ச இழுவிசை 5,200 சுற்றில் 16.5 கிலோகிராம்-மீற்றர். சார்ஜர் எஞ்சினுக்கு 4,400 சுற்றிலேயே 21. அதாவது கால் பங்குக்கு மேல் அதிகம், அதுவும் முன்கூட்டியே. காட்சியறைத் தாளில் இது ஒரு ஓரத்து எண். கொஸ்லந்த வீதியில் இதுதான் தலைப்புச் செய்தி.

வெல்லவாயவிலிருந்து முதல் சில கிலோமீற்றர் வீதி நேராகத்தான் போனது. மருமகன் மூன்றாம் கியரில் எஞ்சினை 6,000 தாண்டவிட்டுக் காட்டினான். நான்கு காற்றுக் கதவுகளும் ஒருசேரத் திறக்கும்போது எழும் அந்தக் கரகரத்த முழக்கத்துக்காகவே இந்த எஞ்சினை விட மனமில்லாதவர்கள் உண்டு. ஆக்சிலேட்டரில் கால் எந்த அளவு அசைகிறதோ அந்த அளவுக்கு, அந்த நொடியிலேயே எஞ்சின் பதில் சொல்கிறது. என்.ஏ. எஞ்சினின் பெரிய வரம் அது.

தியலும வந்தது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் பாறையில் பட்டு நூல் நூலாகப் பிரிந்து இறங்குவது வீதியிலிருந்தே தெரியும். வேனில் வந்த கூட்டம் ஒன்று சோளம் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் வீதி சுருண்டது. வளைவுக்கு முன் ஒரு லொறி. லொறிக்கு முன் ஒரு பஸ். மணிக்கு 25 கிலோமீற்றர், இரண்டாம் கியர். சுற்றுமானியைப் பார்த்தேன்: முள் 2,000ஐக்கூடத் தொடவில்லை. மருமகன் மிதித்தான். எஞ்சின் முனகியது, கார் மெல்ல நகர்ந்தது. முதல் கியருக்கு இறக்கினான், 3,000 வந்தது. அடுத்த வளைவு வந்துவிட்டது. 160 குதிரைகளும் 7,000 சுற்றுக்கு மேலே எங்கோ ஒரு மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் அவற்றை ஒரு தடவைகூட எட்டிப் பிடிக்கவில்லை.

கொஸ்லந்தையில் நாங்கள் தேடிப்போன கராஜ் வீதியை விட்டுச் சற்று உள்ளே, தகரக் கூரையின் கீழ் இருந்தது. அதை நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பள்ளி முடித்ததும் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரப் பகுதியில் கையாளாகச் சேர்ந்து, பிறகு கொழும்பில் ஜப்பான் எஞ்சின்களோடு பல காலம் பழகி, மறுபடி ஊருக்கே வந்து தொழில் தொடங்கியவர். அவரிடம் அன்று ஒரு வாடிக்கையாளரின் ஜிஇசட்இ கார் ஓட்டிப் பார்க்கத் தயாராக நின்றது. மருமகன் மோப்பம் பிடித்து அந்த நாளைத் தெரிந்தெடுத்ததும் அதனால்தான்.

பொனற்றைத் திறந்து காட்டினார். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி. உள்ளே எட்டு வடிவச் சுழலிகள் இரண்டு, ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் எதிரெதிராகச் சுற்றும். இந்த அமைப்புக்கு வயது அதிகம். அமெரிக்காவின் இந்தியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது காரே கிடையாது. இரும்பு உருக்கும் ஊதுலைக்குக் காற்று தள்ளவே இது பயன்பட்டது. டொயோட்டா பூட்டிய சார்ஜர் தன் ஒரு சுற்றில் தள்ளுவது 1,200 சிசி காற்று. இந்த எஞ்சினோ தன் ஒரு சுற்றில் இழுத்துக்கொள்ளக்கூடியது 800 சிசி அளவுதான். கொடுப்பது அதிகம், கொள்ள இடம் குறைவு. ஆகவே குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அடர்ந்த காற்று உள்ளே போனால் அதற்கேற்ப அதிக பெற்றோலும் எரியும். சூப்பர்சார்ஜரின் வித்தை மொத்தமும் இவ்வளவுதான்.

“ஏறி உக்காருங்க சேர், பேசிக்கிட்டே போவோம்” என்றார். நான் முன் இருக்கையில், மருமகன் பின்னால்.

கொஸ்லந்தையிலிருந்து பெரகல வரையுள்ள பகுதிதான் இந்த வீதியின் முதுகெலும்பு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் தாழ்நிலம் உடவளவைக் குளம் வரை விரிந்து கிடக்கிறது. முதல் கொண்டைஊசி வளைவில் கார் கிட்டத்தட்ட நின்றேபோனது. அவர் இரண்டாம் கியரிலேயே வைத்துக்கொண்டு மெல்ல மிதித்தார். எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். சார்ஜரின் மின்காந்தக் கிளட்ச் பிடித்துக்கொண்டது. உடனே ஒரு மெல்லிய ரீங்காரம். கார் தயங்கவேயில்லை. 2,000 சுற்றிலிருந்து யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் ஏறியது. சமதரையில் கால் தளர்ந்தபோது கிளட்ச் விட்டுவிட்டது, ரீங்காரமும் அடங்கியது. தேவையில்லாத நேரத்தில் சார்ஜர் எஞ்சினுக்குச் சுமையாகச் சுழல வேண்டாம் என்று ஜப்பான்காரர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

பின் இருக்கையில் மருமகனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். தீர்ப்பு எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டான் என்று தெரிந்தது.

“அவசரப்படாதீங்க தம்பி” என்றார் அவர், கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி. “இது காலை நேரம், மேல ஏறுறோம், காத்து குளிர்ச்சி. மத்தியானம் வெல்லவாயவுல போய் இதையே செஞ்சு பாருங்க.”

பெரகலச் சந்தியில் தேநீர்க் கடையொன்றில் நிறுத்தி அதை விளக்கினார். காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். ரூட்ஸ் வகைச் சார்ஜர் அந்தச் சூட்டைக் கொஞ்சம் அதிகமாகவே கிளப்பும். 30 பாகைக் காற்றை ஒன்றரை மடங்குக்கு மேல் அமுக்கினால், சார்ஜரை விட்டு வெளியே வரும்போது அது 100 பாகையை நெருங்கும் அல்லது தாண்டும். அதைக் குளிர்விக்க இண்டர்கூலர் இருக்கிறது. ஆனால் இண்டர்கூலர் வேலை செய்ய அதன் மேல் வெளிக்காற்று ஓட வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும்போது எந்தக் காற்று ஓடும்? சூடான காற்றும் பெற்றோலும் கலந்த கலவை, தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேரும்வரை காத்திருக்காது; நேரம் தப்பித் தானாகவே வெடிக்கும். எஞ்சினுக்குள் யாரோ சிறு சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்கும். 'தட்டுது' என்று கராஜில் சொல்வது அதைத்தான். நீண்ட நேரம் தட்டினால் பிஸ்டன் போய்விடும்.

தட்டாமல் இருக்க இரண்டு வழி. ஒன்று, எஞ்சினின் சொந்த அமுக்க விகிதத்தைக் குறைப்பது. அதனால்தான் என்.ஏ. எஞ்சினில் 10.5 ஆக இருந்த விகிதத்தை ஜிஇசட்இயில் 8.9 ஆக டொயோட்டா குறைத்தது. அதற்கு விலையாக, சார்ஜர் வேலை செய்யாத நேரத்தில் எஞ்சின் கொஞ்சம் சோம்பலாகவும் கொஞ்சம் தாகமாகவும் இருக்கும். மற்றது, உயர்ந்த ஒக்டேன் பெற்றோல். இலங்கையில் பெரும்பாலும் கிடைப்பவை 92, 95 என்ற இரண்டு வகை. பட்டணத்தில் 95 தாராளம். மலையடிவாரத்துச் சிறு ஷெட்டுகளில் அது எப்போதும் இருக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. 2022இல் கியூஆர் அட்டையோடு மைல் கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், ஒரே வகைப் பெற்றோலை மட்டும் குடிக்கிற எஞ்சினை வைத்துக்கொள்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

மருமகன் தன் கடைசிச் சீட்டை எடுத்தான். “உயரம் போகப் போக என்.ஏ. எஞ்சின் மூச்சுத் திணறும். சார்ஜருக்கு அந்தப் பிரச்சினை இல்லையே அண்ணே?”

வாகனப் பைத்தியங்கள் பலரும் நம்பும் விஷயம் இது. பாதிதான் உண்மை. ஹப்புத்தளையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 85 வீதம். கொழும்பில் 160 குதிரைவலு தரும் என்.ஏ. எஞ்சின் அங்கே 136 அளவில் வந்து நிற்கும். ஆனால் பெல்ட்டில் சுழலும் சார்ஜர் காற்றை இத்தனை மடங்கு என்றுதான் அமுக்கும், இத்தனை அழுத்தம் வரை என்று அல்ல. மடங்கைத் தீர்மானிப்பது புல்லியின் அளவு. அது மலையேறும்போது மாறுவதில்லை. உள்ளே வரும் காற்று 15 வீதம் மெலிந்தால் வெளியே போவதும் 15 வீதம் மெலியும். 170 குதிரைவலு 145க்குப் பக்கத்தில் வரும். இரண்டு எஞ்சினும் ஒரே விகிதத்தில்தான் இழக்கின்றன. சார்ஜர்காரரிடம் ஆரம்பக் கையிருப்பு கூட, அவ்வளவுதான். உயரத்தை உண்மையிலேயே ஓரளவு ஈடுகட்டுவது டர்போ. அது புகைக்காற்றில் சுழல்வது. பெல்ட்டுக்குக் கட்டுப்படாததால் மேலே போகப் போக வேகம் கூட்டிக்கொள்ள முடியும்.

அப்படியானால் சிறிய புல்லி போட்டுச் சார்ஜரை வேகமாகச் சுழற்றலாமே? போடலாம். இரண்டாம் உலகப்போர் விமான எஞ்சின்களில் செய்தது அதுதான். மேல்வானத்துக்காகவே அளவெடுத்த சார்ஜர். அதனால் தரைக்குப் பக்கத்தில் விமானி காற்றுக் கதவை முழுதாகத் திறக்கக்கூடாது. ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினுக்குப் பிற்காலத்தில் இரண்டு வேகச் சார்ஜர் வைத்ததும் இந்தச் சிக்கலுக்குத்தான். லெவினில் அந்த வசதி கிடையாது. கராஜ்காரர் அதை ஒரே வரியில் முடித்தார்: “கீழுக்கு செட் பண்ணுனா மேல பத்தாது, மேலுக்கு செட் பண்ணுனா கீழ தட்டும். நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க.”

திரும்பி இறங்கும்போதுதான் நான் இந்த வீதியின் மறுபாதியைக் கவனித்தேன். ஏறும்போது எஞ்சினைப் பற்றிப் பேசியவர் இறங்கும்போது பிரேக்கைப் பற்றி மட்டுமே பேசினார். பெரகலையிலிருந்து கொஸ்லந்த வரை அவர் பிரேக்கில் கால் வைத்தது குறைவு; ஏறிய கியரிலேயே இறங்கினார். “ஏறுறதுக்கு நூறு பேர் வழி சொல்லுவாங்க” என்றார். “எறங்குறதுக்கு ஒரே வழிதான். கியர்ல புடி.” பவர் கூட்டுகிறவர்கள் அதே அளவுக்குப் பிரேக் தட்டையும் பட்டையையும் கூட்டுவதில்லை என்பது அவருடைய நீண்ட நாள் மனக்குறை.

கொஸ்லந்த என்றால் தமிழ் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 2014 ஒக்டோபர் 29 காலை, பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் அறைகளை மூடியது. பலருடைய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அந்த மக்கள் போவதற்கு வேறு நிலமும் வீடும் இருக்கவில்லை. தப்பியவர்களில் பலர் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் மாதக்கணக்காகத் தங்கியிருந்து, பிறகே புது வீடுகளுக்குப் போனார்கள். அந்த ஊருக்குப் போய்க் குதிரைவலுக் கணக்குப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்குக் கராஜ்காரர் ஒன்று மட்டும் சொன்னார். மழை பிடித்துக்கொண்டால் இந்த வீதியில் எந்த எஞ்சினும் ஒன்றுதானாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர் தூரத்து வாடிக்கையாளர்களை வரச் சொல்வதே இல்லை.

அவரிடம் விடைபெற்று எங்கள் காரிலேயே மறுபடி ஏறி ஹப்புத்தளைக்குப் போனோம். ரயில் நிலையத்தில் பதுளைப் பக்கம் போகும் வண்டி நின்றது. முன்னால் ஒரு பழைய 'கனடா எஞ்சின்'. கொழும்புத் திட்ட உதவியில் 1954 முதல் வந்த எம்2 வகை. கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி, மலைநாட்டுப் பாதையில் பல தலைமுறைப் பயணிகளை இழுத்த எஞ்சின் அது. பன்னிரண்டு சிலிண்டர், 1,425 குதிரைவலு. மருமகனை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன், ஏனென்றால் அதன் உள்ளேயும் இருப்பது ரூட்ஸ் ஊதிதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். அது இரு வீச்சு டீசல் எஞ்சின். காற்றை இழுப்பதற்கென்று தனி வீச்சே அதற்குக் கிடையாது. புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே நிரப்பும் வேலையை ஊதிதான் செய்ய வேண்டும். ஊதி நின்றால் எஞ்சினும் நிற்கும். அதற்கு ஊதி உயிர்மூச்சு. லெவினுக்கோ அது மேலதிக வசதி. இல்லாமலும் கார் ஓடும். முதல் வகையில் வடிவமைப்பாளர் எஞ்சினின் எலும்பிலிருந்தே ஊதிக்கு இடம் வைத்துவிடுகிறார். இரண்டாவதில் ஏற்கனவே முழுமையான ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றுகிறோம். ஏற்றினால் பெல்ட், குளிர்விப்பு, பெற்றோல், பிஸ்டன், கிளட்ச், பிரேக் என்று ஒவ்வொன்றாகத் தன் பங்கைக் கேட்டு வரும்.

இந்த விவாதம் கிட்டத்தட்ட நூறு வருடப் பழையது. 1920களின் இறுதியில் பென்ட்லி நிறுவனத்தில் இதே சண்டை நடந்தது. ஓட்டப்பந்தய வீரர் டிம் பர்க்கின், நாலரை லீற்றர் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்று நின்றார். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. 1929, 1930 ஆகிய இரண்டு வருடமும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது சார்ஜர் இல்லாத ஆறரை லீற்றர் ஸ்பீட் சிக்ஸ். 1930இல் பர்க்கின் அணியின் சார்ஜர் கார்கள் அதே பந்தயத்தில் பாதியில் நின்றன. ஆனால் இன்று உலகம் கொண்டாடுவது தோற்ற 'புளோவர்' பென்ட்லியைத்தான். கார்க்காரர்களின் மனம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பந்தய விதி எழுதுகிறவர்கள் மட்டும் மனதுக்கு இடம் கொடுப்பதில்லை. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏவின் கணக்கில், காற்றூதி பூட்டிய பெற்றோல் எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் மருமகன் ஆசைப்படும் 1,587 சிசி எஞ்சின் 2,698 சிசி ஆகிவிடும். 1,600 சிசி வகுப்பில் தன்னைப் போன்றவர்களோடு ஓடலாம் என்று நினைத்தவன், பெரிய எஞ்சின்களின் நடுவில் போய் நிற்பான்.

பந்தயக் கனவு அவனுக்கு உண்டு. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் மகஹஸ்தோட்ட மலையேற்றப் போட்டியைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே பேசுவான். 1934இல் துரைமார் காலத்தில் தொடங்கிய போட்டி அது. அதனால் ஹப்புத்தளையிலிருந்து தியத்தலாவைக்கும் போனோம். இராணுவப் பயிற்சிக் கழகம் முன்னின்று நடத்தும் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தின் ஊர் அது. 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். வேகத்துக்குச் செலவழிப்பதற்கு முன் நிறுத்துவதற்குச் செலவழி என்று கொஸ்லந்தையில் கேட்டதற்கு, அந்த ஊரில் விளக்கவுரை தேவைப்படவில்லை.

தீர்ப்புக்கு வருவோம். தியத்தலாவையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டோம். மருமகன் இருப்பது வத்தளையில். கார் ஓடும் நாட்களில் பெரும்பகுதி வத்தளை–கொழும்பு நெரிசலில், 32 பாகை வெயிலில் கழியும். எப்போதாவது மலைநாடு. சார்ஜர் எஞ்சினுக்குப் பிடிக்காதவை எல்லாம் அந்த வாழ்க்கையில் இருக்கின்றன: நின்று நின்று போவது, சூடு, எஞ்சின் அறையில் காற்றோட்டமின்மை. எஞ்சினையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைத் திருத்திப் பதிய வேண்டும். காப்புறுதிக்கும் அறிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டுகிறவர்கள் விபத்து நடந்த அன்றுதான் அதன் விலையை அறிவார்கள்.

மறுபுறம், கொஸ்லந்த வளைவில் அவன் எஞ்சின் முனகியதையும் மறந்துவிட முடியாது. அதற்குச் சார்ஜர் மட்டும்தான் மருந்தா? இல்லை. கராஜ்காரர் போகிற போக்கில் சொன்ன யோசனை ஒன்று இருந்தது: கியர்ப்பெட்டியின் இறுதி விகிதம். இந்தக் காரில் அது 4.3. அதை 4.7 ஆக்கினால் எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை 9 வீதம் கூடும். அதே வளைவில் எஞ்சினும் கொஞ்சம் அதிகச் சுற்றில் இருக்கும். உச்ச வேகம் குறையும். ஆனால் 100 கிலோமீற்றர் வரம்புள்ள நாட்டில் அது யாருக்கு நட்டம்? இறங்கும்போது கியரில் பிடிப்பதும் வலுக்கும். சூடு இல்லை, தட்டல் இல்லை, 95 பெற்றோலைத் தேடி அலையவும் வேண்டாம். இந்த மலைகளில் பல பத்தாண்டுகள் ஏறிய பழைய லேலண்ட் பஸ்களிடம் பெரிய குதிரைவலு இருந்ததில்லை. அவற்றையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது தாழ்ந்த கியர்தான்.

ஆகவே வரிசை இப்படி முடிவானது: முதலில் பிரேக்கும் டயரும். அடுத்து ரேடியேட்டர். பிறகு இறுதி விகிதம். கடைசியாகக் காசு மிஞ்சினால் எக்ஸோஸ்ட் குழாயும் காம்ஷாஃப்டும்; அதிலும் 7,000 சுற்றுக்கு மேல் மட்டும் பலன் தரும் கூரான காம்ஷாஃப்ட் வேண்டாம். அந்த உச்சத்தை எட்டுவதற்கு இந்த வீதியில் இடமில்லை என்று காலையிலேயே பார்த்துவிட்டோம்.

இதே கேள்வியைப் பண்டாரவளையில் குடியிருந்து, பதுளைக்கும் நுவரெலியாவுக்கும் மட்டும் ஓடுகிற ஒருவர் கேட்டிருந்தால் சார்ஜரை வாங்குங்கள் என்றே சொல்லியிருப்பேன். குளிர்ந்த காற்று, குறைந்த நெரிசல், இடைவிடாத ஏற்றம். ஜிஇசட்இ எஞ்சினுக்கு இதைவிடத் தோதான ஊர் இலங்கையில் கிடையாது. அவரும் புல்லியைத் தன் ஊருக்கு அளவெடுத்துப் போட்டுக்கொண்டு, வெல்லவாயப் பக்கம் இறங்கும்போது மட்டும் காலை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மருமகன் அந்த வீட்டுக்காரர் இல்லை. பஞ்சிகாவத்தையில் எஞ்சினுக்காக ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பிரேக்குக்கு மாற்றி எழுதிக்கொண்டான். மீதிப் பாதியை வங்கியிலேயே விடச் சொன்னேன், அதற்கு மட்டும் அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.